ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

கரடியூர் பால்வாடியில் அன்று தடுப்பூசி நாள். மடியில் ஒரு ஆண் குழந்தை, கையில் மருந்து ஏற்றிய சிரிஞ்ச். தொடையைப் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியைக் கொண்டுபோகும் நேரம் பார்த்து, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்த என் போன் அடித்தது.

அந்தக் கட்டிடத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த ஜன்னல்தான். அதனால் போனைக் கயிற்றில் கட்டி அங்கே தொங்கவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பேன். வெளியே பனி இறங்கி, வரிசையில் நின்ற அம்மாக்களின் முகமே தெரியவில்லை. குழந்தைகள் இருமுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊசியைப் போட்டு, குழந்தையைத் தாயிடம் கொடுத்து, அதன் அலறலுக்கு நடுவே ஜன்னலில் காதை வைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம், லேப்ல இருந்து பேசறோமுங்க. உங்க சாம்பிளும் உங்க வீட்டுக்காரர் சாம்பிளும் வந்துச்சுங்களே, ரெண்டுமே வளரலைங்க."

"வளரலைன்னா?"

"செல் ஒண்ணுகூட டிவைட் ஆகலைங்க. மறுபடியும் ரெண்டு பேரும் பிளட் அனுப்பணுமுங்க."

ஒரு செல்கூடப் பிரியவில்லை. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்படியென்றால் எங்கள் இரண்டு பேர் உடம்பிலும் உயிரே இல்லை போலிருக்கிறது என்றுதான். நர்ஸ் படிப்பு படித்த ஒருத்தி இப்படி நினைப்பாளா என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் படிப்பு எங்கேயோ போய்விடுகிறது.

பாதியில் நின்ற அட்டைகள்

நான் கிராம சுகாதார செவிலியர். எங்கள் ஏற்காட்டு மலை ஊர்களில் நர்சம்மா என்பார்கள். கரடியூர், செம்மநத்தம், இன்னும் சில சிற்றூர்கள் என் பொறுப்பு. யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது பல வீடுகளில் புருஷனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கர்ப்பிணிக்கு அட்டை போடுவது, மாத்திரை கொடுப்பது, பிள்ளை பிறந்ததும் ஊசி போடுவது எல்லாம் நான்தான்.

என் அட்டை மட்டும் மூன்று முறை பாதியில் நின்றுபோனது. மூன்றுமே மூன்றாம் மாதம் முடிவதற்குள்.

முதல் தடவை எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது தடவை புத்தி சொன்னார்கள். மூன்றாவது தடவை காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். என் மொபெட்தான் காரணம். வாழவந்தியில் இருந்த என் நாத்தனார் அதை முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"இந்தக் கல்லுலயும் மேட்டுலயும் குலுங்கிக்கிட்டே போனா வவுத்துல என்ன கண்ணு தங்கும்? வேலய உட்டுட்டு ஊட்டுல இருன்னா கேக்கறியா?"

அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு முறையும் பத்து நாள் வந்து தங்கி எனக்குச் சோறு பொங்கிப் போட்டவர். ஆனால் ஒவ்வொரு கவளத்தோடும் அந்த மொபெட்டையும் சேர்த்து விழுங்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் நானே அதை நம்பிவிட்டேன். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன், வயிற்றில் ஒன்றும் இல்லாத நாட்களில்கூட.

சேலத்து டாக்டரம்மாதான் இரண்டு பேருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். என் கணவர் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி மேற்பார்வை பார்க்கும் வேலை. காட்டில் பாம்பு குறுக்கே போனால் நின்று வழிவிட்டு நடப்பவர். அவருக்கு ஊசி என்றால் மட்டும் பயம்.

"எனக்கு எதுக்குப் புள்ள? நானென்ன புள்ளயா சுமக்கறேன்?"

இப்படியே இரண்டு மாதம் ஓட்டினார். கடைசியில் ஒரு நாள் கையை நீட்டி, கண்ணை மூடி, ரத்தம் எடுத்த பிறகும் கால் மணி நேரம் திறக்காமலே படுத்திருந்தார். அப்படி வாங்கிய ரத்தம்தான் வளரவில்லை என்று போனில் சொன்னாள் அந்தப் பெண்.

வெங்காய வேரில் பார்த்தது

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான்.

பிளஸ் டூவில் எங்களுக்குத் தாவரவியல் எடுத்த டீச்சர், வெங்காயத்தை வைத்துத்தான் மைட்டாசிஸை, அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரிவதைக் காட்டுவார். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரின் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்தால், அடியில் வெள்ளை வேர் இறங்கும். அந்த வேர் நுனியைக் காலையில் வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

கீழே சேலத்தில் நாலு நாளில் வரும் வேர், ஏற்காட்டு மார்கழியில் பத்து நாளானாலும் அசையாது. டீச்சர் டம்ளர்களையெல்லாம் ஹாஸ்டல் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். "செல்லு பிரியறதுக்குக் கதகதப்பு வேணும் கண்ணுகளா" என்றார். ஒரு தடவை சமையல்கார அம்மா விஷயம் தெரியாமல் அத்தனையையும் சாம்பாரில் போட்டுவிட்டார். எங்கள் மைட்டாசிஸ் பாடத்தை ஹாஸ்டலே சாப்பிட்டது.

நான் பார்த்த தகட்டில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் நடுவே ஒரு கருநீலப் பொட்டு, அவ்வளவுதான். சிலவற்றில் அந்தப் பொட்டு கலைந்து நூல் நூலாகக் கிடந்தது. ஒன்றில் நூல்களெல்லாம் தடித்து நடுக்கோட்டில் வரிசையாக நின்றன. இன்னொன்றில் இரண்டு கூட்டமாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. கடைசியாகப் பார்த்ததில் நடுவில் சுவர் எழும்பி, ஒன்று இரண்டாகியிருந்தது.

எங்கள் பக்கம் குடும்பத்தில் பாகம் பிரித்தால் வெட்டு குத்து வரைக்கும் போகும். செல் அப்படிச் செய்வதில்லை. பிரிவதற்கு முன்னாலேயே தன்னிடம் உள்ள ஒவ்வொரு குரோமோசோமையும் நகல் எடுத்து இரட்டையாக்கிக்கொள்கிறது. அசலும் நகலும் ஒட்டியபடியே நடுக்கோட்டுக்கு வருகின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து பிடித்து, ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் இழுக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் எல்லாமும் கிடைத்துவிடுகிறது. வெட்டுக்காயம் ஆறுவதும் இப்படித்தான். வயிற்றில் கரு வளர்வதும் இப்படித்தான், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி.

குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமென்றால், அவை தடித்து நடுக்கோட்டில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பார்க்க முடியும். அதனால் ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை மூன்று நாள் கதகதப்பில் வளர்த்து, அவை பிரியப் போகும் சமயத்தில் ஒரு மருந்தை விட்டு அப்படியே நிறுத்திப் படம் எடுப்பார்கள். அதற்கு ரத்தம் உயிரோடு போய்ச் சேர வேண்டும். செத்த செல்லில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

என் காலடியில் இருந்த பெட்டி

போனை வைப்பதற்கு முன் அந்தப் பெண் ஒன்று கேட்டாள்.

"எதுல வெச்சு அனுப்புனீங்க மேடம்? ரெண்டு டியூபும் உறைஞ்சு போய் வந்துச்சுங்களே."

நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். அங்கே தடுப்பூசி மருந்து வைக்கும் நீலப் பெட்டி இருந்தது. நாலு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் மருந்து.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு முறை உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியே வைத்து வியர்க்க விட வேண்டும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சில மருந்துகள் உறைந்து வீணாகிவிடும். போலியோ சொட்டு மருந்து நாளில் மட்டும் கல் மாதிரி இறுகியதையே வைப்போம். அந்த மருந்துக்கு எவ்வளவு குளிர்ந்தாலும் கெடுதல் இல்லை.

அன்றைக்கு எங்கள் ரத்தத்தை நான் போலியோ கணக்கில் கட்டினேன். தூரம் அதிகம், கோயம்புத்தூர் போய்ச் சேர ஒரு நாளாகும், வெயிலில் கெட்டுவிடக் கூடாதே என்று கல் மாதிரி நாலு பேக்குக்கு நடுவில் இரண்டு டியூபையும் சொருகி, ரப்பர் பேண்டு போட்டு, ஒரு தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். அவர் சேலத்தில் கூரியரில் சேர்த்துவிட்டார். இதைவிடப் பத்திரமாக யாரும் கட்டியிருக்க முடியாது என்று பெருமை வேறு. சாதாரண அறைச் சூட்டில் அனுப்பவும் என்று லேப் தந்த தாளில் அச்சடித்திருந்தது. படிக்கவில்லை. கெடக்கூடாது என்றால் ஐஸ், அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும்.

அடுப்போரத்தில் வெங்காயம் வைத்த டீச்சரின் மாணவி செய்த காரியம் இது.

கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த குழந்தையை வாங்கினேன். மீதி ஊசிகளை எப்படிப் போட்டேன் என்று தெரியவில்லை. ஏனென்றால் எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது நாள் தள்ளிப்போயிருந்தது.

மற்றவர்களுக்குக் கொடுக்கும் பரிசோதனைக் கிட் என் பையிலேயே இருந்தது. வேலை முடிந்ததும் பால்வாடிக் குளியலறையில் நின்று பார்த்தேன். இரண்டு கோடு. சந்தோஷப்படத் தெரியவில்லை. குளியலறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கரண்ட் மேல் போட்ட பழி

"ஏனுங்க, மறுக்கா ரத்தம் குடுக்கணுமாமுங்க" என்று அன்றிரவு என் கணவரிடம் ஆரம்பித்தேன்.

"எதுக்கு?"

"லேப்ல கரண்டு போயிருச்சாமுங்க. எல்லாம் கெட்டுப் போச்சாம்."

வாய் தானாகச் சொன்ன பொய். அவர் கோயம்புத்தூரைத் திட்டினார், மின்சார வாரியத்தைத் திட்டினார். "அத்தன பெரிய ஊர்ல ஒரு ஜெனரேட்டர் வெக்க மாட்டானா?" என்றார். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினேன்.

இரண்டு கோடு வந்ததையும் சொன்னேன். அவர் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டு, "எப்பப் போலாம்?" என்று கேட்டார். இந்த முறை ரத்தம் எடுக்கும்போது கண்ணைக்கூட மூடவில்லை.

டியூப் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றி, ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர், கூரியர் யாரும் வேண்டாம், கோயம்புத்தூருக்கு நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் சாயும்போது ஒரு கை நெஞ்சுக்குப் போகும், ஒரு கை வயிற்றுக்குப் போகும். கம்பியைப் பிடிக்கக் கையில்லை. பக்கத்து சீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "வாந்தி வருதா கண்ணு?" என்று ஒரு ஆரஞ்சுத் தோலை முகரக் கொடுத்தார்.

லேப் கவுண்டரில் இருந்த பெண் டியூபைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "சூடா இருக்குங்களே மேடம்."

மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த மூன்று வாரம் நான் வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் துணியில் ரத்தம் இருக்குமோ என்று பார்ப்பேன். இல்லை என்றால் அடுத்த முறை இருக்குமோ என்று நினைப்பேன். ஏழாவது வாரம் ஆயிற்று. எட்டானது. ஒன்பதில்தான் போன தடவை கலைந்தது.

இடம் மாறிய துண்டு

சேலத்தில் டாக்டரம்மா இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார். வரி போட்ட சின்னச் சின்னக் குச்சிகள் மாதிரி குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தன. என் தாளைக் காட்டி, "இதுல ஒண்ணும் இல்லை" என்றார். என் கணவர் தாளில் இரண்டு இடத்தில் பேனாவால் வட்டம் போட்டிருந்தது.

"இதோட நுனி அங்க போயிருக்கு, அதோட நுனி இங்க வந்திருக்கு. எதுவும் கூடலை, எதுவும் குறையலை. அதனால உங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா குழந்தைக்குப் பாதி கொடுக்கும்போது ஒரு துண்டு கூடவோ குறையவோ போயிடலாம். அப்படிப் போன கரு பெரும்பாலும் நிக்காது."

"நல்லபடியாப் போவாதுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"போகலாம். இல்லேன்னா உங்கள மாதிரியே இடம் மாறின ஜோடி போகலாம். அந்தக் குழந்தையும் நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு அது குழந்தை பெத்துக்கும்போது இதே பிரச்சினை வரலாம்."

என் கணவர் தன் அம்மா வயிற்றில் ஒற்றைச் செல்லாக இருந்தபோதே அந்தத் துண்டு இடம் மாறி இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் உடம்பில் செல் பிரிந்த ஒவ்வொரு தடவையும், அந்தப் பிசகு ஒரு இம்மியும் பிசகாமல் நகல் எடுக்கப்பட்டிருக்கிறது. மைட்டாசிஸ் திருத்தி எழுதாது, கொடுத்ததை அப்படியே இரண்டாக்கும்.

என் மனதில் முதலில் வந்தது என்ன என்று மறைக்காமல் சொல்கிறேன். அப்பாடா, நான் இல்லை. பத்து வருடப் பாரம் இறங்கி, உடம்பே லேசானது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது. அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்புளுக்குக் கீழே ஊசி போட்டுக் கர்ப்பநீர் எடுத்துக் குழந்தைக்கும் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அதில் லட்சத்தில் ஒருத்திக்குக் கலைந்தாலும் அது நானாகத்தான் இருப்பேன் என்று பயம். ஊருக்கெல்லாம் ஊசி போடும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மலை ஏறும் பஸ்ஸில் பாதி வழி வந்ததும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"இத்தன வருசமா உன்னய எல்லாரும் பேசவுட்டு வேடிக்க பாத்துட்டு இருந்திருக்கேன் புள்ள."

"கரண்டெல்லாம் போவலீங்க. ஐஸ்ல வெச்சுக் கெடுத்தது நான்தாங்க" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர.

வாழவந்தியில் ஒரு பந்தி

அடுத்த வாரம் நாத்தனார் பேரனுக்குக் காது குத்து. பந்தியில் எனக்குச் சாம்பார் ஊற்றியபடியே அவர் ஆரம்பித்தார்.

"மொகம் வெளுத்திருக்கு. நின்னுருக்குதா கண்ணு? இன்னும் அந்த வண்டியிலதான் போறயா? இதயுமா சாமி..."

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அக்கா, கோளாறு இவகிட்ட இல்ல. எங்கிட்ட. டாக்டர் ரிப்போர்ட் குடுத்துட்டாங்க."

வரிசையில் இருந்த அத்தனை பேரும் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். என் கணவரின் காது மடல் சிவந்துபோயிருந்தது. நாத்தனார் வாளியோடு அப்படியே நின்றார்.

"அதென்ன சாமி அப்படிச் சொல்ற? ஆம்பளைக்கு என்ன கோளாறு? ரிப்போர்ட்ட மாத்திக் குடுத்திருப்பாங்க. நீ இன்னொருக்கா பாரு."

"இவளச் சொன்னப்ப ஒருக்காவாவது இன்னொருக்கா பாக்கச் சொன்னியாக்கா?"

நாத்தனார் வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, என் இலையில் கேட்காமலே இன்னொரு கரண்டி நெய் விட்டார். அதற்குப் பிறகு அந்த மொபெட்டைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

பத்தாவது வாரம் வந்தது. பதினொன்று வந்தது. பன்னிரண்டும் பதிமூன்றும் கடந்தன. நான் முதல் தடவையாக என் அட்டையில் நாலாம் மாதக் கட்டத்தை நிரப்பினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

மேஜையில் இருக்கும் தாள்கள்

மகள் பிறந்தாள். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அவளிடம் இருப்பது நேரான ஜோடியா, அப்பாவின் இடம் மாறிய ஜோடியா என்று எங்களுக்குத் தெரியாது. அவள் வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்து பரிசோதித்துக்கொள்ளட்டும் என்றார் டாக்டரம்மா. அது சரிதான். ஆனால் முடிவு செய்ய அவளுக்கு முதலில் விஷயம் தெரிய வேண்டுமே.

பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவது அவள்தான். என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் வீட்டில் வேறு கிடையாது. இந்த அத்தியாயத்தை எழுதி மூன்று வாரமாக அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். நேரில் சொல்லிவிடலாம் என்று பல தடவை போனேன். பக்கத்தில் உட்காருவேன், வாயைத் திறப்பேன், "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

இன்று காலை தாள்களை அவள் மேஜையில் வைத்துவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்தக் கடைசித் தாளைச் சமையலறையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். இவ்வளவு நேரமும் அவள் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நின்றுவிட்டது. எந்த வரியில் நிறுத்தியிருக்கிறாள் என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

கண்ணு, இந்தத் தாளை உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். இது எங்கள் கதை என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன், ஆனால் உன்னுடையதும்தான். பத்திரிகைக்கு அனுப்புவதா, கிழித்துப் போடுவதா, நீ சொல்வதுதான் முடிவு. அனுப்பச் சொல்லிவிட்டால் ஒரு எழுத்தையும் மாற்றாதே. அம்மா அடுப்படியில்தான் இருக்கிறேன்.